கலைப்பு ரத்து!

‘‘இந்த வயசுல இதெல்லாம் தேவையா?’’

நம்ம ஊரில் தினமும் கேட்கப்படுகிற கேள்வி இது. ஐம்பது வயது மாமி சுடிதாருக்கு மாறினால் கேட்போம். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் கிடார் கிளாஸில் சேர்ந்தால் கேட்போம். கேட்கிறவருக்குப் பதில் வேண்டியதில்லை. கேள்வியே தீர்ப்பு. கேட்டுவிட்டு அடுத்த வாய் காபியைக் குடிக்கப் போய்விடுவார்.

சென்ற வாரம் அந்தத் தீர்ப்பை நானும் எழுதினேன். இடம், என் வீட்டு ஹால். குற்றவாளிக் கூண்டில் இரண்டு ஜப்பானியப் பெண்மணிகள்.

2018 டிசம்பர் கடைசியில் நடந்த ஜப்பான் ரெக்கார்டு விருது விழாவின் வீடியோ அது. எதையோ தேடப் போய் இதில் மாட்டிக்கொண்டேன். பளபள உடையில் இரண்டு பேர். ஒருவருக்கு 60 வயது, இன்னொருவருக்கு 61. இசை ஆரம்பிக்கிறது. இருவரும் கையைப் பின்மண்டைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மேல்நோக்கி ஒரு வீச்சு வீசுகிறார்கள். தலைக்குப் பின்னாலிருந்து பறக்கும் தட்டு கிளம்புகிற பாவனை. பாட்டின் பெயரே ‘யூ.எஃப்.ஓ.’தான். அதன்பிறகு ஆட்டம். நின்று நிதானமாகக் கையை மட்டும் அசைக்கிற பெரியவர்கள் ஆட்டம் இல்லை. இடுப்பு, முழங்கால், தோள் எல்லாம் சேர்ந்த அசல் ஆட்டம்.

நான் வழக்கமான தீர்ப்பைச் சொன்னேன். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு வேறொன்று கேட்டாள்.

‘‘பாவம், முட்டி வலிக்காதா இவங்களுக்கு?’’

சிரித்தேன். ஆனால், அன்று ராத்திரி ஒன்றரை மணி வரை உட்கார்ந்து இதே ஜோடியின் 1970-களின் வீடியோக்களையும் பிற்கால வீடியோக்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தபோதுதான் புரிந்தது. நான் சொன்னது வம்பு. அவள் கேட்டது விமர்சனம். ‘வலிக்காதா?’ என்ற கேள்வியை வைத்துக்கொண்டு இவர்கள் கதையை முதலிலிருந்து பார்க்கலாம், வாருங்கள்.

* * *

ஜோடியின் பெயர் ‘பிங்க் லேடி’. ஒரு காக்டெயிலின் பெயர் அது. ஒருவர் மிட்சுயோ நெமோட்டோ. இன்னொருவர் கெய்கோ மசுதா. மேடைக்கு மீ, கே. ஆளுக்கு ஒரே எழுத்து. பெயரிலேயே சிக்கனம்!

ஃபுஜி மலைக்கும் தேயிலைக்கும் பெயர்போன ஷிஜுவோகா பகுதியைச் சேர்ந்த பள்ளித் தோழிகள். ‘ஸ்டார் தன்ஜோ’ என்று ஒரு டி.வி. நிகழ்ச்சி. ‘நட்சத்திரம் பிறக்கிறது’ என்று அர்த்தம். நம்ம சேனல்கள் நடத்துகிற பாட்டுப் போட்டிகளுக்கெல்லாம் தாத்தா. அதில் பாடித் தேர்வானார்கள். 1976 ஆகஸ்ட் 25-ம் தேதி முதல் பாட்டு வந்தது. ‘பெப்பர் கெய்பு’. தமிழில் சொன்னால் ‘இன்ஸ்பெக்டர் மிளகு’. அப்போது இருவருக்கும் 18 வயது.

இனி சொல்லப்போவதை மூச்சுவிடாமல் படிக்கவும். இரண்டாவது பாட்டிலிருந்து ஆரம்பித்து, தொடர்ந்து ஒன்பது பாட்டுகள் ஜப்பானின் ஒரிக்கான் விற்பனைப் பட்டியலில் முதலிடம். ‘எஸ்.ஓ.எஸ்.’, ‘கார்மென் 77’, ‘கடற்கரை சிந்துபாத்’, ‘வான்டட்’, ‘யூ.எஃப்.ஓ.’, ‘சவுத்பா’, ‘மான்ஸ்டர்’, ‘மாயமனிதன்’, ‘பச்சோந்திப் படை’. நடுவில் ஐந்து பாட்டுகள் வரிசையாகப் பத்து லட்சம் ரெக்கார்டுகளை எட்டின. ‘யூ.எஃப்.ஓ.’ மட்டும் 15 லட்சத்துக்கு மேல். 1978-ல் ஜப்பான் ரெக்கார்டு விருதும் அதற்குத்தான். இவ்வளவும் இரண்டரை வருஷத்துக்குள்!

இந்தப் பாட்டுகளின் கதைகளைக் கேட்டால் நம்ம ஊர் அம்புலிமாமா தோற்றுப்போகும். ‘யூ.எஃப்.ஓ.’வில் ஒரு பெண்ணுக்கு வேற்றுக்கிரகக் காதலன். பூமியில் இருக்கிற ஆண்கள் அலுத்துவிட்டார்களாம். ‘சவுத்பா’வில் ஒரு பெண் இடதுகை பேஸ்பால் வீசுகிறாள். எதிரே மட்டையோடு நிற்பவர் ஜப்பானின் பேஸ்பால் கடவுள் சதாஹாரு ஓ மாதிரி ஓர் ஆசாமி. பெயரைச் சொல்லாமலே ஊருக்கெல்லாம் தெரிகிற மாதிரி எழுதியிருப்பார்கள். ஓ 756-வது ஹோம் ரன் அடித்து அமெரிக்கரின் சாதனையைத் தாண்டியது 1977 செப்டம்பரில். பாட்டு வந்தது 1978 மார்ச்சில். சூடு ஆறுவதற்குள் பரிமாறுவது என்றால் இதுதான்.

எழுதியவர் யூ அக்கு. இசை, ஷுனிச்சி டொக்குரா. நடனம், ஹஜிமே டோய். மூவரும் தங்கள் தொழிலில் கில்லாடிகள். அதிலும் டோயின் வேலை அபாரம். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரே ஒரு முத்திரை அசைவை மையமாக வைத்தார். ‘பெப்பர் கெய்பு’வில் முழங்காலைத் திறந்து மூடுகிற ஆட்டம். ‘யூ.எஃப்.ஓ.’வில் பின்மண்டைக் கை. பார்த்த மாத்திரத்தில் ஐந்து வயதுக் குழந்தைகூட செய்துவிடலாம். செய்தார்கள். ஜப்பானின் பள்ளிக்கூட மைதானங்கள் முழுக்க வாண்டுகள் இதை ஆடிக்கொண்டிருந்தன. இவர்கள் படம் போட்ட சாமான்கள் கடைகளில் குவிந்தன. யூ.எஃப்.ஓ. என்ற பெயரிலேயே இருந்த ஒரு நூடுல்ஸுக்கு இவர்களே விளம்பரத்தில் வந்தார்கள்.

சரி, இதெல்லாம் வெற்றிக் கதை. இப்போது என் மனைவியின் கேள்வியை எடுத்துக்கொண்டு இந்த வெற்றிக்குள் போகலாம்.

* * *

1978-ம் வருஷத்து வீடியோ ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

ஒரே உடை. ஒரே உயரத்தில் தூக்கப்படும் கை. ஒரே கோணத்தில் மடியும் கால். ஒரே சிரிப்பு. கண்ணாடிக்கு முன்னால் ஒருத்தி ஆடுகிறாளோ என்று சந்தேகம் வரும். குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அதுதான் குறை. பத்து நிமிஷம் பார்த்த பிறகும் எது மீ, எது கே என்று எனக்குப் பிடிபடவில்லை. பாட்டிலும் அப்படித்தான். பெரும்பாலும் இருவரும் ஒரே மெட்டில் ஒன்றாகப் பாடுவார்கள். அங்கங்கே ஒருத்தி மேலே, ஒருத்தி கீழே பிரிந்துவிட்டு, உடனே சேர்ந்துகொள்வார்கள். இரண்டு பேரை வைத்து ஒரே ஆளைத் தயாரித்திருக்கிறார்கள்!

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் இது யாருடைய பேரேட்டில், எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கிற கெட்ட பழக்கம் உண்டு. இந்தக் கணக்கில் பிங்க் லேடி ஒரு மெஷின். அதுவும் இருபத்திநாலு மணி நேர ஷிஃப்ட் ஓடுகிற மெஷின். ஒரு நாளில் பல டி.வி. நிலையங்கள், மேடைகள், விளம்பரங்கள். தூக்கம் சில மணி நேரம். அதுவும் காரில். பாட்டு ஒருவர் எழுதித் தருகிறார், மெட்டு ஒருவர் போடுகிறார், காலை எங்கே வைக்க வேண்டும் என்று இன்னொருவர் சொல்கிறார். இவர்களுக்கு மாதச் சம்பளம்.

இருபது வயதுப் பெண்கள் இதை எப்படிச் செய்தார்கள்? வயசு. நம்ம பாஷையில் சொன்னால், ‘சின்னப் புள்ளைங்க, என்ன ஆகப்போவுது?’ அதனால்தான் ‘வலிக்காதா?’ என்று யாரும் கேட்கவில்லை. மெஷினுக்கு எண்ணெய் போடுவார்கள். வலிக்கிறதா என்று கேட்க மாட்டார்கள்.

* * *

மெஷின் எப்படி நின்றது என்பதையும் பார்த்துவிடலாம்.

முதல் அடி 1978-ன் கடைசி ராத்திரி. ஜப்பானில் டிசம்பர் 31 என்றால் என்.ஹெச்.கே.யின் ‘கோஹாக்கு’ பாட்டு நிகழ்ச்சி. தேசமே டி.வி. முன்னால் குடும்பத்தோடு உட்காரும். அதில் பாட அழைப்பு வருவது பாடகர்களுக்குப் பட்டாபிஷேகம் மாதிரி. 1977-ல் போய்ப் பாடியவர்கள், 1978-ல் மறுத்துவிட்டார்கள். அதே நேரத்தில் வேறொரு சேனலில் பார்வையற்ற குழந்தைகளுடன் தனி நிகழ்ச்சி. கோஹாக்குவை 70 சதவிகிதத்துக்கு மேல் பார்த்தார்கள். இவர்கள் நிகழ்ச்சி 10 சதவிகிதத்தைக்கூடத் தொடவில்லை. ஊரோடு ஒத்துப்போகாதவர்களை ஊர் எப்படிப் பார்க்குமோ, அப்படிப் பார்த்தது ஜப்பான். பத்தாவது முதலிடம் வரவே இல்லை.

இரண்டாவது அடி அமெரிக்கா. 1979-ல் ‘கிஸ் இன் தி டார்க்’ என்று ஆங்கிலத்தில் ஒரு பாட்டு. பில்போர்டு பட்டியலில் 37-வது இடம். 1963-ல் கியூ சகமோட்டோவுக்குப் பிறகு அந்தப் பட்டியலின் முதல் நாற்பதுக்குள் நுழைந்த ஜப்பானியர்கள் இவர்கள்தான். நல்ல ஆரம்பம். அந்தச் சூட்டோடு 1980 மார்ச்சில் என்.பி.சி. தொலைக்காட்சி, ஜெஃப் ஆல்ட்மன் என்ற காமெடியனுடன் இவர்களைச் சேர்த்து ஒரு மணி நேர நிகழ்ச்சி தொடங்கியது.

ஒரே ஒரு சிக்கல். இரண்டு பேருக்கும் ஆங்கிலம் தெரியாது.

வசனத்தை ஒலி ஒலியாக மனப்பாடம் செய்தார்கள். அர்த்தம் தெரியாத ஜோக்கை அர்த்தம் தெரியாமலே சொல்லிவிட்டு, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். தங்கள் ஹிட் பாட்டுகளை அதிகம் பாட விடாமல், அமெரிக்கப் பாட்டுகளைப் பாடவைத்தார்கள். நிகழ்ச்சியின் கடைசியில் நீச்சலுடையில் இருவரும் வெந்நீர்த் தொட்டியில் இறங்க வேண்டும். கோட்டு சூட்டோடு இருக்கிற காமெடியனையும் உள்ளே இழுத்துப் போட வேண்டும். அதுதான் முத்தாய்ப்பு! ஐந்து வாரம் ஒளிபரப்பிவிட்டு மூட்டை கட்டினார்கள். பிற்பாடு ‘டி.வி. கைடு’ பத்திரிகை போட்ட மிக மோசமான ஐம்பது நிகழ்ச்சிகளின் பட்டியலில் இதற்கு ஓர் இடம் நிச்சயமாகக் கிடைத்தது. அந்தத் துண்டுகளை இன்று பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. புரியாத பாஷையில் சிரிக்கிறவளின் முகத்தில் ஒரு பயம் இருக்கும். பரீட்சை ஹாலில் பாதி பதிலில் மறந்துபோனவனின் பயம். எனக்கு ஸ்டாடிஸ்டிக்ஸ் பேப்பரில் அனுபவம் உண்டு.

மூன்றாவது, முடிவு. 1981 மார்ச் 31. டோக்கியோ கொராக்குவென் ஸ்டேடியம். பிரிவுக் கச்சேரி. குளிர். மழை. நிறைய காலி இருக்கைகள். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே மைதானத்தில் ‘கேண்டீஸ்’ என்ற மூன்று பெண்கள் குழு விடைபெற்றபோது ஐம்பதாயிரம் பேருக்கு மேல் திரண்டிருந்தார்கள். இங்கே மழையில் நனைந்துகொண்டு இரண்டு பெண்கள் முழுக் கச்சேரியும் ஆடி முடித்தார்கள். வயது 23.

இத்தோடு முடிந்திருந்தால் இது இன்னொரு சோகக் கதை. வாரப் பத்திரிகையில் அரைப் பக்கம் பெறும்.

* * *

முடியவில்லை. இனிமேல்தான் எனக்கு சுவாரஸ்யமே.

பிரிந்த அதே 1981-ன் கடைசியில் கே ஒரு தனிப்பாட்டு கொடுத்தார். ‘சுஜுமே’. சிட்டுக்குருவி. எழுதி இசையமைத்தவர் மியூகி நகாஜிமா. அந்தக் காலத்து ஜப்பானில் பெண் மனசின் இருட்டைப் பாட்டில் வைக்கத் தெரிந்தவர்களில் முதல் வரிசைக்காரர். கேட்டுப் பாருங்கள். பறக்கும் தட்டு இல்லை, மான்ஸ்டர் இல்லை. கரகரப்பான, கொஞ்சம் கீழே இறங்கிய ஒரு குரல். அட, இந்தக் குரல் இத்தனை நாள் எங்கே இருந்தது? அங்கேயேதான் இருந்தது. இன்னொரு குரலின் மேல் ஒட்டப்பட்டு!

மீயின் பாதை வேறு. 1984-ல் ‘நெவர்’ என்ற பாட்டு. ஒரு வெளிநாட்டுப் பாட்டின் ஜப்பானிய வடிவம். டி.வி. தொடர் ஒன்றுக்காக வந்து பெரிய ஹிட். அதில் இருப்பது தொண்டையைத் திறந்து முழு வேகத்தில் பாய்கிற ராக் குரல். நாடக மேடைக்கும் போனார்.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரு சந்தேகம் எழும். இவ்வளவு வேறுபட்ட இரண்டு பேரையா ஐந்து வருஷம் ஒரே அச்சில் வார்த்து வைத்திருந்தார்கள்?

பி.காம். இரண்டாம் வருஷத்தில் கூட்டாண்மைக் கணக்கு என்று ஒரு பாடம். இரண்டே பார்ட்னர்கள் இருக்கிற நிறுவனத்தில் ஒருவர் விலகினால் மற்றவர் மட்டும் அதை பார்ட்னர்ஷிப்பாக நடத்த முடியாது. நிறுவனமே கலைந்துபோகும். பாட்டு ஜோடிக்கும் இதே விதிதான். ஐந்து பேர் குழு என்றால் ஒருவர் போனால் இன்னொருவரைப் போட்டு ஒப்பேற்றலாம். ஜோடியில் முடியாது.

முடியும் என்று நினைத்தவர்கள் உண்டு. ஸ்பெயின் நாட்டு ‘பக்காரா’ ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1977-ல் ‘யெஸ் சார், ஐ கேன் பூகி’ பாட்டால் ஐரோப்பாவையே ஆட்டிவைத்தவர்கள். மய்த்தே மத்தேயோஸ் கறுப்பு உடை, மரியா மென்தியோலா வெள்ளை உடை. எண்பதுகளின் தொடக்கத்தில் பிரிந்தார்கள். அப்புறம் ஆளுக்கொரு தோழியைச் சேர்த்துக்கொண்டு ஆளுக்கொரு பக்காரா நடத்தினார்கள். ஒரே பாட்டுக்கு இரண்டு கடை! 2020-ல் ஸ்காட்லாந்து கால்பந்து வீரர்கள் ஒரு வெற்றிக்குப் பிறகு இந்தப் பாட்டுக்கு ஆட, பழைய பாட்டு மறுபடி விற்பனைப் பட்டியலில் ஏறியது. ஜோடி மட்டும் சேரவில்லை. 2021-ல் மரியா இறந்துபோனார். கறுப்பும் வெள்ளையும் மறுபடி ஒன்றாக நிற்க இனி வழியே இல்லை.

திரும்பாமலே இருப்பதிலும் ஒரு கம்பீரம் உண்டு என்று நீங்கள் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். ஜப்பானிலேயே உதாரணம் இருக்கிறது. ‘தி பீனட்ஸ்’. எமி, யூமி என்ற இரட்டைச் சகோதரிகள். 1961-ன் ‘மோத்ரா’ படத்தில் உள்ளங்கையளவு தேவதைகளாக வந்து பாடியது இவர்கள்தான். 1975-ல் ஓய்வு என்றார்கள். ஓய்வென்றால் ஓய்வு. 2012-ல் எமியும், 2016-ல் யூமியும் மறையும் வரை ஜோடியாக மேடைக்குத் திரும்பவே இல்லை. நினைவில் அவர்களுக்கு வயசே ஆகவில்லை.

ஆனால், அவர்கள் கூடப் பிறந்தவர்கள். மேடை இல்லாவிட்டாலும் ஜோடி. மீயும் கேயும் மேடையில்தான் ஜோடி. சேர வேண்டுமானால் அங்கேதான் சேர வேண்டும்.

* * *

சேர்ந்தார்கள். ஒரு தடவை இல்லை, பல தடவை. 1984-லேயே ஆரம்பித்துவிட்டார்கள். 1989 கோஹாக்குவுக்கு வந்தார்கள். ஆம், பதினோரு வருஷத்துக்கு முன் மறுத்த அதே மேடைக்கு. இந்த ஆரம்பகாலச் சேர்க்கைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு அவை ரொம்பப் பிடிக்கவில்லை. பழைய மாணவர்கள் சந்திப்பில் பழைய நாடகத்தின் ஒரு காட்சியைப் போட்டுக்காட்டுகிற மாதிரி இருக்கும். ‘ஞாபகம் இருக்கா?’ என்கிற சிரிப்பு. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

மாற்றம் 2003-ல். இருவருக்கும் 45 வயது. இரண்டு வருஷம் மட்டும் என்று கெடு வைத்துக்கொண்டு மறுபடி சேர்ந்து, 2005 வரை ஊர் ஊராகப் போனார்கள். இந்தத் தடவை ஒன்றிரண்டு பாட்டுகளுக்குத் தலைகாட்டிவிட்டுப் போகவில்லை. முழுக் கச்சேரி. பழைய நடனம் அப்படியே.

அப்புறம் 2010 செப்டம்பர் 1. இருவருக்கும் 52. ஓர் அறிவிப்பு வெளியிட்டார்கள். மறுபடி சேர்கிறோம் என்று சொல்லியிருந்தால் அது நூற்றுப் பத்தில் ஒன்று. அவர்கள் சொன்னது: கலைப்பை நிறுத்திவிட்டோம்!

யோசித்துப் பாருங்கள், எவ்வளவு குறும்பான வாசகம். 1981-ல் மழையில் நடந்தது இருக்கிறதே, அது இனி செல்லாது. ரத்து! இத்தனை வருஷம் கழித்து ஒரு பழைய கணக்கைத் திறந்து, கடைசி வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்த வருஷமே ஹிட் பாட்டுகளைப் புதிதாகப் பாடி ‘இன்னொவேஷன்’ என்று ஆல்பம் வெளியிட்டார்கள். 2011-ல் மறுபடி சுற்றுப்பயணம்.

பாட்டு எழுதிக்கொடுத்த யூ அக்கு 2007-லேயே காலமாகிவிட்டார். மெட்டுப் போட்ட டொக்குரா 2021-ல் ஜப்பான் அரசின் கலாசாரத் துறைத் தலைவர் ஆனார். குழந்தைகள் ஆடுகிற பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் தேசத்தின் கலாசாரத்துக்கே பொறுப்பு! ஆக, காலை இங்கே வை, கையை அங்கே வீசு என்று சொல்ல இப்போது யாரும் பக்கத்தில் இல்லை. இருந்தும் அதே இடத்தில் காலை வைக்கிறார்கள். ஏன்?

என் வாதம் இதுதான். 1978-ல் அந்த அசைவு டோயின் சொத்து. 2018-ல் அது மீ, கேயின் சொத்து. அசைவு மாறவில்லை. உரிமையாளர் மாறியிருக்கிறார்.

* * *

இப்போது 2018 வீடியோவைப் போடுங்கள். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

இரண்டு குரல் கேட்கும். கேயின் கரகரப்பு கீழே தனியாகத் தெரிகிறது. மீயின் வீச்சு மேலே. ஒட்டவைத்த கோடு தெரிகிறது. சிலருக்கு இது குறையாகப் படலாம். 1978-ன் வழவழப்பு போய்விட்டது என்பார்கள். எனக்கு இப்போதுதான் இது ஜோடிப் பாட்டாகவே கேட்கிறது. இருவர் சேர வேண்டும் என்றால், முதலில் இருவராக ஆகியிருக்க வேண்டும் அல்லவா? அதற்கு மழையில் ஒரு பிரிவும், ஒரு சிட்டுக்குருவியும், ஒரு ‘நெவர்’ரும், தனித்தனியான இருபது வருஷங்களும் தேவைப்பட்டிருக்கின்றன.

பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். ஆட்டம் முன்புபோல ரப்பர் மாதிரி இல்லைதான். அறுபது வயதில் எப்படி இருக்கும்? ஆனால், தாளத்தில் பிசகில்லை. இளமையில் ஒரு துள்ளலை அடுத்த துள்ளல் மறைத்துவிடும். பிசகினாலும் தெரியாது. வயதில் அந்த மறைவு கிடையாது. ஒவ்வொரு அசைவும் முடிகிற இடம் துல்லியமாகத் தெரிகிறது. பயிற்சி எவ்வளவு என்பதும் தெரிகிறது. வேற்றுக்கிரகக் காதலனின் பாட்டும் இப்போது வேறு மாதிரி கேட்கிறது. பூமியின் ஆண்கள் அலுத்துப்போனதாக 20 வயதுப் பெண் பாடினால் அது குறும்பு. 60 வயதில் அதையே பாடினால் அது அனுபவம். கூட்டம் அந்த ஜோக்கைப் புரிந்துகொள்கிறது. அவர்களும் புரிந்துதான் பாடுகிறார்கள். அமெரிக்காவில் அர்த்தம் தெரியாமல் ஜோக் சொன்ன அதே இருவர்!

குறையே இல்லையா என்றால், உண்டு. மறுபடி சேர்ந்த பிறகு அந்த ஒன்பது பாட்டுகளுக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒரு புதுப்பாட்டு வரவில்லை. நாற்பது வருஷத்துக்குப் பிறகும் ‘யூ.எஃப்.ஓ.’, ‘சவுத்பா’ என்று அதே ஐந்து வருஷத்து முதலில்தான் வண்டி ஓடுகிறது. இரண்டு முதிர்ந்த குரல்களுக்கென்று, ‘சுஜுமே’யின் கனத்தோடு ஒரு ஜோடிப் பாட்டை யாராவது எழுதியிருக்கலாம். அறுபது வயது ஜோடியின் வாழ்க்கையில் பாடுவதற்கு விஷயமா இல்லை? பழசை ரசிக்க வருகிற கூட்டம் புதுசைக் கேட்காது என்ற பயம் தொழிலில் இருப்பவர்களுக்கு எப்போதும் உண்டு. நியாயமான பயம்தான். ஆனால், கலைஞர்களுக்கு அது ஒரு கூண்டு. கூண்டின் சாவி தங்கள் கையிலேயே இருந்தும் இவர்கள் வெளியே ரொம்ப தூரம் போகவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

* * *

கடைசியாக, அந்தத் தீர்ப்புக்கு வருவோம். ‘இந்த வயசுல இதெல்லாம் தேவையா?’

கணக்குப் பாடத்தில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. மெஷின் வாங்கினால் வருஷா வருஷம் அதன் மதிப்பில் கொஞ்சம் கழித்து எழுத வேண்டும். ஒரு நாள் மதிப்பு சைபர். காயலான் கடை. ஆனால், நிலத்துக்குத் தேய்மானம் எழுதக் கூடாது. நிலம் உழைத்தாலும் நிலமாகத்தான் இருக்கும்.

மேடையில் ஆடுகிற பெண்களை நாம் மெஷின் கணக்கில் எழுதுகிறோம். இருபதில் முழு மதிப்பு. முப்பதில் பாதி. நாற்பதில் அக்கா, அம்மா வேஷம். அறுபதில் அவர்கள் ஆட வந்தால் நமக்குக் கணக்கு இடிக்கிறது. ‘இது எழுதித் தள்ளின மெஷின் ஆச்சே!’ அந்த இடிப்புக்குத்தான் ‘தேவையா?’ என்று பெயர் வைத்திருக்கிறோம். தப்பு ஆட்டத்தில் இல்லை சார். நாம் எழுதின பக்கத்தில்.

மறுநாள் காலை காபி குடிக்கும்போது மனைவியிடம் இந்தக் கதை முழுக்கச் சொன்னேன். ஷிஜுவோகா, மழை, வெந்நீர்த் தொட்டி, கலைப்பு ரத்து எல்லாம். பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, ‘‘அதெல்லாம் சரி... முட்டி வலிக்குமா, வலிக்காதா? அதைச் சொல்லுங்க’’ என்றாள்.

வலிக்கும். நிச்சயம் வலிக்கும். இருபதிலும் வலித்திருக்கும். அப்போது ஆடியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தது யார் யாரோ. இப்போது, வலித்தாலும் பரவாயில்லை என்று முடிவு செய்தது அவர்கள் இரண்டு பேர்.